விழுந்த வண்டியைக் கழுவாமல் கொண்டுவரச் சொல்லும் பாய் கடை, பழைய வண்ணாரப்பேட்டை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கடையில் ஏசி ரூம் கிடையாது, உட்கார நாற்காலி கிடையாது, கவிழ்த்துப் போட்ட ஒரு பெயிண்ட் டப்பாதான். பெயர்ப்பலகையும் இல்லை. எம்.சி. ரோட்டில் துணிக்கடைகளைத் தாண்டி உள்ளே ஒரு சந்தில் போய் "பாய் மெக்கானிக் கடை எது"ன்னு கேட்டால் யாராவது கை காட்டுவார்கள். டூவீலர் மட்டும்தான் பார்ப்பார். நான் அங்கே போனது என் தம்பி விழுந்த ஸ்கூட்டரைச் சரிபண்ண. சரிபண்ணிக்கொடுத்தார், ஆனால் அதற்கு முன்னால் அவன் ஏன் விழுந்தான் என்பதைக் கண்டுபிடித்துக்கொடுத்தார். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தம்பி விழுந்தது டி.எச். ரோட்டில் (திருவொற்றியூர் ஹை ரோடு), தண்டையார்பேட்டை தாண்டி, சாயங்காலம் ஏழு மணி சுமாருக்கு. வலது பக்கமாக விழுந்து தோள்பட்டை எலும்பு உடைந்தது. ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், நல்லபடியாகப் பார்த்தார்கள். விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே செலவு செய்யும் திட்டம் இருக்கிறது, 2021 டிசம்பரிலிருந்து, நிறைய பேருக்கு இன்னும் தெரியவில்லை, தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவனுக்குத் திட்டுதான். ரோட்டில் பார்த்தவர் "வேகமா வந்தாப்ல"ன்னார், மாமா "இந்த வயசுப் பசங்களுக்கு ஆக்சிலேட்டர்தான் தெரியும், பிரேக் எங்க தெரியும்"ன்னார், நானும் என் பங்குக்கு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான்: "அக்கா, பிரேக் பிடிச்சேன், பின்னாடி வண்டி தானா போச்சு." யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

வண்டியைக் குட்டியானையில் ஏற்றி முதலில் கொண்டுபோனது வழக்கமாக விடும் ஒரு சர்வீஸ் சென்டருக்கு. பெயர் வேண்டாம். விழுவதற்கு மூன்று வாரம் முன்னால் அங்கேதான் சர்வீஸ் ஆகியிருந்தது, ஜாப் கார்டில் பிரேக்குக்கு நேராக ஒரு டிக்கும் "அட்ஜஸ்ட் செய்யப்பட்டது" என்ற வரியும் இருந்தன. இப்போது ஒரு பையன் வந்து சுற்றிப் பார்த்து பேனல், கண்ணாடி, மட்கார்டு, இண்டிகேட்டர், ஹேண்டில் பார் என்று வரிசையாக எழுதி ஒன்பதாயிரத்துச் சொச்சத்துக்கு எஸ்டிமேட் கொடுத்தான். பின்சக்கரம் சுற்றவே மாட்டேங்குதே என்று கேட்டேன். "விழுந்ததுல ஜாம் ஆயிருக்கும் மேடம்." ஏன் விழுந்தது என்று பார்ப்பீர்களா என்றேன். அது எங்கள் வேலை இல்லை என்கிற மாதிரி ஒரு பார்வை. எனக்கு மனசு ஒப்பவில்லை, வண்டியைத் திரும்ப ஏற்றிவிட்டேன்.

பாயிடம் போகச் சொன்னது எங்கள் தெருவில் தண்ணீர் கேன் போடுகிற அண்ணன். போனில் பாய் கேட்ட முதல் கேள்வி, "வண்டிய கழுவிட்டியாம்மா?" இல்லை என்றேன். "கழுவாத. தொடைக்காத. அப்படியே எடுத்துனு வா."

வண்டி இறங்கியதும் அவர் ஸ்பேனரை எடுக்கவில்லை, மொபைலை எடுத்தார். நாலு பக்கமும் போட்டோ. அப்புறம் ஒரு பழைய டார்ச்சோடு தரையில் படுத்துக்கொண்டார். பத்து நிமிஷம் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து தம்பியிடம், "நீ சொல்லு ராஜா, மொதல்லேர்ந்து, அவசரமே இல்ல"ன்னார். விபத்து நடந்து ஐந்து நாளில் அவனை முழுசாகப் பேசவிட்ட முதல் ஆள் அவர்தான்.

பிறகு நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கடையின் சிறப்பே இதில்தான் இருக்கிறது.

முதலில் டயர். பக்கவாட்டில் சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் அச்சடித்திருக்கும், பார்த்திருக்கிறீர்களா? முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருஷம். எங்கள் டயரில் 3222, அதாவது 2022இல் 32ஆவது வாரம் செய்தது. பட்டனும் தேயவில்லை. "டயர் மேல தப்பில்ல" என்று ஒன்றைக் கழித்தார். அடுத்து பின்டயரைச் சுற்றிலும் கைவிரலால் தடவிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தி என் விரலைப் பிடித்து அங்கே வைத்தார். சாக்பீஸைத் தரையில் தேய்த்தால் ஒரு முகம் தட்டையாகுமே, அந்த மாதிரி உள்ளங்கை அகலத்துக்கு ரப்பர் வழித்தெடுத்தது போல இருந்தது. சுற்றிக்கொண்டிருக்கும் சக்கரம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதான் தேயும். ஒரே இடத்தில் இப்படித் தேயவேண்டுமானால் சக்கரம் நின்றுபோய், வண்டி மட்டும் ரோட்டில் இழுத்துக்கொண்டு போயிருக்கவேண்டும்.

சரி, விழுந்த பிறகு ஜாம் ஆகியிருக்கலாமே என்று சர்வீஸ் சென்டர் பையன் சொன்னதையே கேட்டேன். அவர் சைலன்சர் பக்கம் காட்டினார். வலது பக்கம் முழுக்கத் தார் உரசின கீறல். பின்சக்கரத்தோரம் பிரேக்கை இழுக்கும் லீவர் இருப்பது இடது பக்கம், அதன்மேல் மூன்று வாரத்துத் தூசி கலையாமல் படிந்திருந்தது. "விழுந்த பக்கம் இது. மாட்டிக்கினது அந்தப் பக்கம். அங்க ஒரு அடிகூட படல. அப்போ விழுந்து மாட்டல, மாட்டித்தான் விழுந்துச்சு." அவ்வளவுதான் சொன்னார். தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான், கண் கலங்கிவிட்டது.

அதற்கப்புறம்தான் பிரேக்கைத் திறந்தார். பிரேக் கம்பியை இறுக்கும் நட்டு மரையின் கடைசிவரைக்கும் ஏற்றியிருந்தது, இனி ஒரு சுற்றுக்கும் இடமில்லை. அந்த லீவரில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும், டிரம் மூடியில் ஒரு அடையாளம் இருக்கும், பிரேக்கை முழுசாகப் பிடிக்கும்போது இரண்டும் நேராக வந்தால் டிரம்முக்குள் உரசிச் சக்கரத்தை நிறுத்துகிற ஷூவை மாற்றிவிடவேண்டும் என்று அர்த்தம். எங்கள் வண்டியில் அம்பு எப்போதோ அடையாளத்தைத் தாண்டிப் போயிருந்தது. ஷூவின் மேல் ஒட்டியிருக்கும், உரசித் தேய்கிற லைனிங் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. இரண்டு ஷூவையும் தள்ளி விரிக்கிற கேம் என்ற துண்டு கொஞ்சம் திரும்பினாலே பிரேக் பிடிக்கவேண்டும், ஷூ தேயத் தேய அது அதிகமாகத் திரும்பவேண்டி வரும், ஒரேயடியாகத் தேய்ந்துபோன ஷூவில் பலமாக அழுத்தினால் முழுக்கத் திரும்பி எதிர்ப்பக்கம் சாய்ந்து அப்படியே மாட்டிக்கொள்ளும், கையை விட்டாலும் திரும்பி வராது. எங்களுடையது அப்படித்தான் மாட்டிக்கொண்டிருந்தது. பின்சக்கரம் சுற்றாமல் நின்றுவிட்டால் பக்கவாட்டுப் பிடிப்பு போய்விடும், வால் பக்கம் தன்னால் விலகும். "பின்னாடி வண்டி தானா போச்சு" என்று அவன் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை சரி.

ஷூவை மாற்றவேண்டிய இடத்தில் நட்டை மட்டும் இறுக்கி, பிரேக் பிடிக்கிற மாதிரி காட்டி, டிக் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். புது ஷூ செட்டு சில நூறு ரூபாய்.

வீட்டுக்கு வந்து இதை அப்பாவிடம் சொன்னேன். அப்பா ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கேட்டுவிட்டு, "இதைத்தானே ரயில்ல பண்ணுவாங்க"ன்னார். ஒரு ரயில் தடம் புரண்டால் டிரைவரை மட்டும் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு விடமாட்டார்கள். தண்டவாளத்தின் அகலத்தை அளப்பார்கள், சக்கரத்தின் தேய்மானத்தை அளப்பார்கள், சிக்னல் ரூமில் எல்லாவற்றையும் பதிந்துவைக்கும் டேட்டா லாகரில் எந்த நொடியில் எது மாறியது என்று எடுப்பார்கள். 2024 அக்டோபர் 11 அன்று ராத்திரி நம்ம கும்மிடிப்பூண்டி லைனில் கவரப்பேட்டையில் நடந்தது நினைவிருக்கும். பாக்மதி எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனில் நேராகப் போக சிக்னல் கொடுத்திருந்தது, ரயில் மட்டும் பக்கத்தில் பிரியும் லூப் லைனுக்குள் நுழைந்து நின்றுகொண்டிருந்த சரக்கு ரயிலில் மோதியது. நல்ல வேளை, உயிர் போகவில்லை. டிரைவர் சிக்னலை மீறினார் என்று சுலபமாக முடித்திருக்கலாம், ஆனால் சிக்னல் பச்சை, அப்படியானால் ரயிலை லைன் மாற்றிவிடும் பாயிண்ட் ஏன் லூப்புக்குத் திரும்பியது என்றுதான் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரணை போனது. அந்த ஆணையம் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருகிறது, விபத்து நடந்த துறையே தன்னைத் தானே விசாரிக்கக்கூடாது என்பதற்காக. அப்பா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

விமான விபத்தில் இன்னும் ஒரு படி மேலே. எந்த நாட்டில் விழுந்தாலும் விசாரணையின் ஒரே நோக்கம் இனி அப்படி நடக்காமல் தடுப்பது, யார்மேல் குற்றம் என்று தீர்ப்பதல்ல என்று உலக நாடுகள் ஒப்புக்கொண்ட விதியிலேயே எழுதியிருக்கிறது. குற்றம், தண்டனை எல்லாம் போலீசும் கோர்ட்டும் தனியாகப் பார்த்துக்கொள்ளும். பாய் இதையெல்லாம் படித்திருப்பாரா தெரியாது, அவரிடம் நான் போன நாலு தடவையிலும் "யார் மேல தப்பு" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. "எப்படி ஆச்சு, அதுக்கு முன்னாடி இன்னா ஆச்சு" இதுதான்.

அப்பாவுக்கு அத்தோடு நிற்க மனசில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு லாரி நடமாட்டம் குறைவாக இருக்கும்போது இஞ்ச் டேப்போடு கிளம்பிவிட்டார், நான் பின்னாலேயே. ரோட்டோரத்தில் அடையாளம் இன்னும் இருந்தது. ரப்பர் கோடு ஒன்பது மீட்டர், அதன் முடிவில் சைலன்சரும் ஃபுட்போர்டும் உரசின வெள்ளைக் கீறல் ஆறு மீட்டர். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரில் கணக்குப் போட்டு, "நாப்பதுக்கு மேல போயிருக்கமாட்டான்"ன்னார். சுமாரான கணக்குதான், ரோடு வழவழப்பைப் பொறுத்து முன்னே பின்னே இருக்கும். ஆனாலும் அறுபது எழுபதில் பறந்து வந்தான் என்று சொன்னவர்கள் சொன்னது உண்மையில்லை. (அந்த ரோட்டில் நின்று டேப் பிடிப்பது ஆபத்து. நாங்கள் ரோட்டை விட்டு ஓரமாக நின்று, ஒரு ஆள் வண்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே செய்தோம். தயவுசெய்து தனியாகப் போகாதீர்கள்.)

இந்த நாற்பது கிலோமீட்டர் எனக்கு ஏன் முக்கியம் என்றால், மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் வருஷக் கணக்கில் நாட்டில் விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அதில் நூற்றுக்கு 71 பேருக்கு எதிரே எழுதியிருக்கும் காரணம் அதிவேகம். நம் மாநிலத்தில் மட்டும் அந்த வருஷம் 64,105 விபத்து, இந்தியாவிலேயே அதிகம், 17,884 பேர் போய்விட்டார்கள். வேகம் ஆளைக் கொல்லும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. ஆனால் என் தம்பி அன்றைக்குப் பின்னால் வந்த சக்கரத்தில் மாட்டியிருந்தால் அவன் பெயருக்கு நேராகவும் அதிவேகம் என்றுதான் எழுதியிருப்பார்கள், தேய்ந்த பிரேக் ஷூ அவனோடு புதைந்துபோயிருக்கும், அதே நட்டை இன்னும் எத்தனை வண்டிக்கு இறுக்கியிருப்பார்களோ.

பாய் பிரேக்கோடும் நிற்கவில்லை. "சரி, அவ்ளோ அழுத்தி ஏன் பிடிச்ச?" என்று கேட்டார். ஒரு டிரெய்லர் இடது ஓரத்தில் நின்றிருந்தது, கன்டெய்னர் ஏற்றினது, பின்லைட் எரியவில்லை, கிட்ட வந்த பிறகுதான் தெரிந்தது என்றான். சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர்? இருந்திருக்கலாம், மண் அப்பியிருந்தால் எங்கே தெரியும். எண்ணூர், மணலி, திருவொற்றியூர் பக்கம் வண்டி ஓட்டும் எல்லாருக்கும் இந்த டிரெய்லர் வரிசை தெரியும். பாய் கேட்டார், "அந்த வண்டி அங்க ஏன் நின்னுச்சு?"

அந்தக் கேள்விக்கு அந்தக் கடையில் பதில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். தம்புச் செட்டித் தெருவில், ஹார்பர் சரக்குக்குக் கஸ்டம்ஸ் வேலை பார்த்துக்கொடுக்கும் ஒரு கிளியரிங் ஆபீஸில் பதினோரு வருஷமாக வேலை செய்கிறேன். ஏற்றுமதிக் கன்டெய்னர் ஹார்பர் கேட்டுக்குள் போகவேண்டுமானால் ஃபார்ம் 13 என்கிற நுழைவுப் பேப்பர் கையில் இருக்கவேண்டும். பல சமயம் வண்டியை முதலில் கிளப்பிவிடுவோம், பேப்பர் பின்னால் வரும், "போய்க்கிட்டே இருங்க, வழியில அனுப்பிடறோம்" என்று டிரைவரிடம் சொல்வோம். பேப்பர் வராத வண்டி கேட்டுக்கும் போகமுடியாது, திரும்பவும் முடியாது. ரோட்டோரத்தில் ஒதுங்கும். பேட்டரி இறங்கிவிடும் என்று டிரைவர் லைட்டை அணைப்பார். தம்பியின் முன்னால் நின்றது எங்கள் ஆபீஸ் வண்டி இல்லை, அன்றைக்கு எங்களுக்கு அந்த ரூட்டில் லோடு கிடையாது, பார்த்துவிட்டேன். ஆனால் அந்த மாதிரி எத்தனை வண்டியை நான் நிறுத்திவைத்திருக்கிறேன்! அதை பாயிடம் அப்படியே சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு நோட்டை எடுத்தார்.

நீளமான கணக்கு நோட்டு. விழுந்து வரும் வண்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: தேதி, இடம், எந்தப் பக்கம் விழுந்தது, வண்டியில் என்ன, ரோட்டில் என்ன, கடைசிக் கட்டம் "பண்ணது". ஒரு வளைவில் ஒரே மாதத்தில் மூன்று வண்டி இடது பக்கமாக விழுந்திருந்தது, போய்ப் பார்த்தால் அங்கே நிறுத்தும் ஒரு வண்டியிலிருந்து ஆயில் சொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. கடைசிக் கட்டத்தில் "மணல் போட்டேன், ஓனர்கிட்ட சொன்னேன்" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே அந்த இடத்தின் பெயர் வரவே இல்லை. அரசாங்கமும் இதைப் பெரிய அளவில் செய்கிறது, ஐஐடி மெட்ராஸ் உருவாக்கிய ஒரு ஆப்பில் போலீஸ்காரர் விபத்து இடத்திலேயே போட்டோவும் இடக்குறிப்பும் ஏற்றுவார், அதைச் சோதனைக்கு எடுத்த முதல் ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. ஆனால் கழற்றிப்போட்ட பிரேக் ஷூவைக் கையில் வைத்துப் பார்க்கும் ஆள் மெக்கானிக்தான். அவரிடம் யாரும் கேட்பதில்லை.

எங்கள் வரியில் கடைசிக் கட்டத்தில் முதலில் "ஷூ, கேம், நட்டு புதுசு" என்று மட்டும் இருந்தது. வண்டியை எடுக்கப் போன அன்று நான் ஒன்று சொன்னேன்: ஃபார்ம் 13 கைக்கு வராமல் எங்கள் ஆபீஸிலிருந்து லோடு வண்டியைக் கிளப்புவதில்லை என்று ஓனரிடம் பேசி முடிவாகிவிட்டது, யார்டிலேயே நிற்கட்டும், வாடகை கூடினாலும் பரவாயில்லை. பாய் பேனாவை எடுத்து அதையும் அந்தக் கட்டத்தில் எழுதிக்கொண்டார்.

சர்வீஸ் சென்டருக்கும் போனேன், சண்டைக்கு இல்லை, பழைய ஷூவையும் போட்டோக்களையும் எடுத்துக்கொண்டு. மேலாளர் முதலில் வாதாடினார். உள்ளே இருந்து வயசான ஒரு மெக்கானிக் வந்து ஷூவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல நட்டு ஏத்தியிருக்கக்கூடாது" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். ஜாப் கார்டில் வெறும் டிக்குக்குப் பதிலாக லைனிங் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறேன். பார்க்கிறோம் என்றார்கள். அடுத்த மாதம் போய்க் கேட்பேன்.

இப்போது நடைமுறை விஷயங்கள். எனக்கு ஆனது மொத்தம் 5,400, பாடி வேலை, ஹேண்டில் நிமிர்த்தியது, பிரேக் எல்லாம் சேர்த்து. விசாரித்ததற்குத் தனியாக ஒரு பைசாவும் வாங்கவில்லை. பழைய பார்ட்ஸைப் பையில் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார், எது ஏன் மாற்றினேன் என்று காட்டித்தான் காசு வாங்குவார்.

குறை இல்லாமல் இல்லை. நாலு நாள் என்றார், ஒன்பது நாள் ஆனது. வேலையில் இருந்தால் போன் எடுக்கமாட்டார். பில் வேண்டுமென்றால் வெள்ளைத்தாளில்தான். பெயிண்ட் கலர் கொஞ்சம் ஒட்டவில்லை, வெயிலில் பார்த்தால் தெரிகிறது. பெண்கள் தனியாகப் போகத் தயங்கவேண்டாம், கடைப் பையன்கள் "அக்கா"ன்னு மரியாதையாகப் பேசுகிறார்கள். சத்தம் போடும் சைலன்சர் மாட்டித்தரச் சொல்லிப் போகாதீர்கள், திருப்பி அனுப்பிவிடுவார். எங்களுக்குத் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும்தான், அதனால் உடனே பிரிக்கச் சொன்னேன். முழு இன்சூரன்ஸ் இருந்தால் கம்பெனிக்குத் தகவல் சொல்லி சர்வேயர் பார்த்த பிறகு பிரிக்கச் சொல்லுங்கள், பாயே அதைக் கேட்டுவிட்டுத்தான் கை வைக்கிறார்.

விழுந்த வண்டியைத்தான் கொண்டுபோகவேண்டும் என்றில்லை. பின்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு அந்த அம்புக்குறி எங்கே நிற்கிறது என்று ஒரு தடவை காட்டச் சொன்னால் இரண்டு நிமிஷத்தில் காட்டிவிடுவார், அதற்கும் காசில்லை. காலை பத்து மணிக்குத் திறப்பார். வெள்ளிக்கிழமை பன்னிரண்டரையிலிருந்து இரண்டரைவரை தொழுகைக்குப் போய்விடுவார், அந்த நேரத்தில் போகாதீர்கள்.